நீயுமா, யூ டூ?

கோபம் வந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு பாடகரையோ எழுத்தாளரையோ பிடிக்காமல் போய்விட்டால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். யூ டூ என்கிற அயர்லாந்து ராக் குழுவின் புது ஆல்பம் வந்தால் இப்போதெல்லாம் எனக்குக் கோபமே வருவதில்லை. ஒருமுறை கேட்கிறேன். 'ம், நன்றாகத்தான் இருக்கிறது' என்கிறேன். மறுநாள் அதில் ஒரு பாட்டும் ஞாபகத்தில் இல்லை. கல்யாண வீட்டில் தூரத்து உறவினரைப் பார்த்து 'வாங்க, சௌக்கியமா?' என்று கேட்டுவிட்டுப் பந்தி பக்கம் நகர்ந்துவிடுகிற மாதிரி. டேப் தேய்ந்து சுருதி இறங்கும்வரை இவர்கள் கேசட்டைக் கேட்டவன் நான். எப்போது, ஏன் இப்படி ஆச்சு என்று யோசித்ததன் விளைவு இந்த வாரக் கட்டுரை.

'உனக்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான்' என்று சொல்லி நண்பர்கள் விஷயத்தை முடிக்கப் பார்க்கிறார்கள். இருபது வயசில் கேட்டதுதான் எல்லோருக்கும் சங்கீதம். அதன்பின் வருவதெல்லாம் சத்தம் என்பது உலக நியதி. ஒப்புக்கொள்கிறேன், பாதி அளவுக்கு. மீதிப் பாதி இடிக்கிறது. 2016 ஜனவரி 8-ம் தேதி, தன் 69-வது பிறந்த நாளன்று, டேவிட் போவி 'பிளாக்ஸ்டார்' ஆல்பத்தை வெளியிட்டார். இரண்டு நாளில் இறந்துபோனார். அதே வருஷம் அக்டோபரில் லெனர்ட் கோஹன் 82 வயசில் 'யூ வான்ட் இட் டார்க்கர்' கொடுத்தார். அடுத்த மாதமே அவரும் போய்விட்டார். இரண்டையும் கேட்கும்போது எனக்கு இருபது வயசில்லை. ஆனாலும் ராத்திரி தூங்கவிடாமல் செய்தன. ஆக, என் காது ஒரேயடியாகச் செத்துவிடவில்லை. பாடுகிறவர்களுக்கு வயசாவதும் காரணமில்லை. வேறு ஏதோ நடந்திருக்கிறது.

இவர்களைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1976-ல் டப்ளின் நகரத்து மவுன்ட் டெம்பிள் பள்ளிக்கூடத்தில் லாரி மல்லன் என்கிற பதினாலு வயசுப் பையன், 'மியூசிக் குழு ஆரம்பிக்கப் போகிறேன், ஆள் தேவை' என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினான். வந்தவர்களில் நிலைத்தது மூன்று பேர். பாடுவதற்கு பால் ஹ்யூசன் (பின்னாளில் போனோ), கிதாருக்கு டேவிட் எவன்ஸ் (பின்னாளில் எட்ஜ்), பேஸ் கிதாருக்கு ஆடம் கிளேட்டன். முதல் ஒத்திகை லாரி வீட்டு அடுப்பங்கரையில். அடுத்தவர் பாட்டை ஒழுங்காக வாசிக்க வரவில்லை. வேறு வழியில்லாமல் சொந்தமாகப் பாட்டுக் கட்ட ஆரம்பித்தார்கள். இந்தக் கடைசி விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். என் வழக்கே அதில்தான் நிற்கிறது.

எட்ஜின் கிதாரை எடுத்துக்கொள்ளலாம். ராக் உலகத்தில் கிதார் வித்வான்கள் என்றால் விரல்கள் மின்னல் வேகத்தில் ஓடவேண்டும். எட்ஜ் அப்படிப்பட்ட வித்வான் இல்லை. எதிரொலி உண்டாக்கும் ஒரு சின்னக் கருவியை வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு சுரத்தை மீட்டினால் தாளத்தின் முக்கால் மாத்திரை கழித்து அதே சுரம் திரும்பி வரும். அதற்குள் அவர் அடுத்ததை மீட்டியிருப்பார். மீட்டியதும் எதிரொலித்ததும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ள, ஒரு கிதார் இரண்டாகக் கேட்கும். கையில் பெரிய வித்தை இல்லாத ஒருவர் அந்தக் குறையையே ஒரு பாணியாக்கினார். 1987-ன் 'த யோஷுவா ட்ரீ' ஆல்பத்து முதல் பாட்டு 'வேர் த ஸ்ட்ரீட்ஸ் ஹாவ் நோ நேம்' ஆரம்பத்தைக் கேட்டுப் பாருங்கள். தூரத்தில் ஆர்கன், அப்புறம் மெல்ல மெல்ல அந்தக் கிதார், பிறகு டிரம்ஸ். அடிவானத்திலிருந்து ரயில் வருகிற மாதிரி.

அந்தப் பாட்டுக்காக அவர்கள் பட்ட பாடும் பிரசித்தம். வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. தயாரிப்பாளர் பிரையன் ஈனோ வெறுத்துப்போய், பதிவு செய்த டேப்பையே அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று எழுந்துவிட்டார். ஸ்டூடியோ உதவியாளர் ஒருவர் பாய்ந்து தடுத்ததால் பாட்டு பிழைத்தது. (நம் ஊர்ப் பழக்கத்தில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். ராக் உலகத்தில் அவர் ஒலிக்கு உருவம் கொடுக்கிறவர், ஏறக்குறைய இயக்குநர்.)

அப்போது அவர்கள் பாட்டுகளுக்கு விலாசம் இருந்தது. 'சன்டே பிளடி சன்டே' 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெரியில் ஊர்வலம் போனவர்களை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதைப் பற்றியது. 'ரன்னிங் டு ஸ்டான்ட் ஸ்டில்', டப்ளினின் பாலிமன் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஹெராயினுக்கு அடிமையான ஒரு பெண்ணைப் பற்றியது. 'மதர்ஸ் ஆஃப் த டிசப்பியர்ட்', ராணுவ ஆட்சியில் காணாமல்போன பிள்ளைகளைத் தேடி அர்ஜென்டினாவில் தெருவுக்கு வந்த அம்மாக்களைப் பற்றியது. எதையும் நேரே விவரிக்காமல் மங்கலாகத்தான் பாடுவார்கள். ஆனால், மங்கலுக்குப் பின்னால் ஒரு தெரு, ஒரு மாடிப்படி, ஒரு தாய் இருப்பது கேட்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

யோஷுவா ட்ரீ இரண்டரைக் கோடிக்கு மேல் விற்றது. வேறு யாராக இருந்தாலும் அதே பாணியில் இன்னும் மூன்று ஆல்பம் போட்டு வீடு வாசல் வாங்கியிருப்பார்கள். இவர்கள் 1990 அக்டோபரில், ஜெர்மனி இரண்டும் ஒன்றான சமயம் பார்த்து, பெர்லினில் போய் இறங்கினார்கள். கொண்டாட்டம் பார்க்கலாம் என்று தெருவில் கிளம்பி ஓர் ஊர்வலத்தில் கலந்துகொண்டார்கள். என்னடா, எல்லோரும் எழவு வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கிறார்களே என்று பார்த்தால், அது இணைப்பை எதிர்த்து நடந்த ஊர்வலம்! ஹான்சா ஸ்டூடியோவுக்குள்ளும் நிலைமை அதேதான். எட்ஜும் போனோவும் புதுசாக நடனத் தாளம், இரைச்சல், எலெக்ட்ரானிக் என்று போகவேண்டும் என்றார்கள். மற்ற இருவருக்கும் இதெல்லாம் எதற்கு என்று எரிச்சல். குழு உடைகிற நிலைமை. அப்போது வேறொரு பாட்டுக்காக எட்ஜ் வாசித்துப் பார்த்த இடைத்துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரத்தில் 'ஒன்' பிறந்தது. ஒரே ரத்தமாக இருந்தும் ஒத்துப்போக முடியாதவர்களின் கசப்பான பாட்டு அது. அதைப் போய்க் கல்யாணங்களில் போடுகிறார்கள்! 'அக்டங் பேபி' 1991-ல் வெளிவந்தபோது, யோஷுவா மரத்தை நாலு பேர் வெட்டுகிற சத்தம் இது என்று போனோவே சொன்னார். தான் வைத்து வளர்த்த மரத்தைத் தானே வெட்டுகிற துணிச்சல். நான் மயங்கியது இதற்குத்தான்.

1997-ல் 'பாப்' வந்தது. உலகச் சுற்றுப்பயணத்துக்குத் தேதி கொடுத்துவிட்டதால் ஆல்பத்தை அரைகுறையாக முடிக்கவேண்டி வந்தது. மேடையில் ராட்சத எலுமிச்சம்பழம் ஒன்று திறந்து, உள்ளேயிருந்து நால்வரும் இறங்கி வருவதாக ஏற்பாடு. ஆஸ்லோவில் பழம் திறக்கவில்லை. உலகத்தின் மிகப் பெரிய ராக் குழு பழத்துக்குள் மாட்டிக்கொண்டது. பத்திரிகைகள் சிரித்தன, அமெரிக்காவில் டிக்கெட்டுகள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. அந்த அவமானம் அவர்களை ரொம்பப் பாதித்துவிட்டது என்பது என் சந்தேகம். 'பாப்' குறையுள்ள ஆல்பம்தான். ஆனால், பரிசோதனை செய்து தோற்ற ஆல்பம். அதற்கப்புறம் பரிசோதனை என்றாலே அவர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

2000-ல் 'ஆல் தட் யூ கான்ட் லீவ் பிஹைண்ட்'. உலகின் தலைசிறந்த குழு என்கிற வேலைக்கு மறுபடி விண்ணப்பிக்கிறோம் என்றார் போனோ. விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அந்த ஆல்பமும், 2004-ல் வந்த அடுத்ததுமாகச் சேர்ந்து கிராமி விருதுகளை அள்ளின. 'பியூட்டிஃபுல் டே' இன்றைக்கும் கேட்க உற்சாகமான பாட்டு, சந்தேகமில்லை. ஆனால் விண்ணப்பம் போடுகிறவன் என்ன செய்வான்? எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுவான். பழைய எட்ஜ் எதிரொலி திரும்பி வந்தது. இந்த முறை அவரே தன்னைப் பார்த்துக் காப்பியடித்த மாதிரி இருந்தது. 2004-ல் 'வெர்டிகோ' பாட்டு ஐபாட் விளம்பரத்தில் வந்தது. கறுப்பு, சிவப்பில் யூ டூ ஐபாட் என்றே ஒன்று விற்றார்கள். ஏழை நாடுகளின் கடன் தள்ளுபடிக்காக போனோ உலகத் தலைவர்களைச் சந்தித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 2006-ல், கலைஞர்களுக்கான வரிச் சலுகைக்கு அயர்லாந்து உச்சவரம்பு வைத்ததும் குழு தன் தொழிலில் ஒரு பகுதியை நெதர்லாந்துக்கு மாற்றிக்கொண்டது. சட்டப்படி தப்பில்லைதான். இருந்தாலும் அதற்கப்புறம் அவர்கள் உபதேசப் பாட்டுகளைக் கேட்கும்போது காதுக்குள் ஒரு கால்குலேட்டர் சத்தமும் சேர்ந்து கேட்கிறது.

2014-க்கு வருகிறேன். செப்டம்பர் 9-ம் தேதி ஆப்பிள் நிறுவனத்தின் விழா மேடையில் 'சாங்ஸ் ஆஃப் இன்னசென்ஸ்' வெளியானது. ஐட்யூன்ஸ் கணக்கு வைத்திருந்த 50 கோடிப் பேருக்கு இலவசம். இலவசம் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. கேட்காமலேயே அவரவர் பாட்டு நூலகத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டதுதான் வினையாகிவிட்டது. பந்தியில் 'போதும், போதும்' என்று இலையைக் கையால் மறைத்தாலும் கைமேலேயே பாயசம் ஊற்றுகிறவர்கள் உண்டல்லவா? ஒரு வாரத்துக்குள் அந்த ஆல்பத்தை நீக்குவதற்கென்றே தனி வசதி செய்துதரவேண்டி வந்தது. போனோ மன்னிப்புக் கேட்டார். 2022-ல் வந்த தன் சுயசரிதையில் பொறுப்பு முழுக்கத் தன்னுடையதே என்றும் எழுதினார். பெருந்தன்மைதான்.

எல்லோரும் விநியோகத்தைப் பற்றியே பேசினார்கள், பாட்டைப் பற்றிப் பேசவில்லை. அதில்தான் எனக்கு வருத்தம். ஏனென்றால், இத்தனை வருஷத்தில் அவர்கள் செய்த மிக அந்தரங்கமான ஆல்பம் அது. போனோ வளர்ந்த சீடர்வுட் ரோடு அதில் ஒரு பாட்டு. 1974 மே மாதம் டப்ளினில் குண்டு வெடித்தது ஒரு பாட்டு. 'ஐரிஸ்' என்று ஒரு பாட்டு. ஐரிஸ், போனோவின் அம்மா. தன் தகப்பனாரின் சவ அடக்கத்தின்போது மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் சரிந்தவர், 1974 செப்டம்பர் 10 அன்று இறந்துபோனார். பையனுக்கு வயசு 14. ஆல்பம் வெளியானது நாற்பது வருஷத்துக்குச் சரியாக ஒரு நாள் குறைவாக. தன் வாழ்க்கையின் ஆறாத காயத்தை ஒருவர் பாடியிருக்கிறார். 50 கோடிப் பேர் அதை எப்படி டெலிட் செய்வது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ராக் வரலாற்றில் இதைவிடப் பரிதாபமான காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, பாட்டு நன்றாக இருந்ததா? இங்கேதான் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இன்னொரு பாட்டு இருக்கிறது. 1980-ல் வந்த முதல் ஆல்பமான 'பாய்'. அதில் முதல் பாட்டு 'ஐ வில் ஃபாலோ'. அதுவும் அதே அம்மாவைப் பற்றித்தான். பாடியவருக்கு அப்போது இருபது வயசு. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், நானும் போனவாரம் செய்தேன்.

முதல் பாட்டில் கிதார் கிட்டத்தட்ட இரண்டு தந்தியிலேயே நின்று அலறுகிறது. நடுவில் ஓரிடத்தில் எல்லாம் அடங்கி, பின்னணியில் பாட்டில்கள் உடைகிற சத்தம், சக்கரக் கம்பிகள் கிணுகிணுக்கிற சத்தம். தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட் ஸ்டூடியோவில் நிஜமாகவே சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தைச் சுற்றவிட்டார். அம்மா என்கிற வார்த்தைக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? தெரியாது. ஆனால், அந்த இடம் வரும்போதெல்லாம் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு பையனை யாரோ வீட்டுக்குள் கூப்பிடுகிற மாதிரியும், கூப்பிட இப்போது ஆள் இல்லாத மாதிரியும் எனக்கு வயிற்றில் ஒன்று புரளும். பாட்டில் துக்கம் என்று எதையும் சொல்லவில்லை. வேகம்தான் இருக்கிறது. அழத் தெரியாத வயசில் ஓடுகிற ஓட்டம்.

2014-ன் 'ஐரிஸ்' எல்லா விதத்திலும் தேர்ச்சியான பாட்டு. குரல் முதிர்ந்திருக்கிறது, வார்த்தைகள் நேர்மையானவை. ஆனால் முதல் சில நொடிகளிலேயே கோரஸ் குரல்கள் அடுக்கடுக்காக எழும்புகின்றன, ஸ்டேடியத்தில் கைதூக்கி ஆட்டுவதற்குத் தோதாக. கண்ணை மூடிக் கேட்டால் கோல்ட்ப்ளே என்பீர்கள். இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட குழு அது! மொத்த ஆல்பத்துக்கும் ஐந்து தயாரிப்பாளர்கள். ரயன் டெடர், பால் எப்வொர்த் என்று இளைய தலைமுறைக்கு ஹிட் கொடுத்துப் பழகிய கைகள் அதில் உண்டு. சொந்த அம்மாவைப் பற்றிய பாட்டை இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பிடிக்குமா என்று கேட்டுக் கேட்டு மெருகு ஏற்றியிருக்கிறார்கள். மெருகு ஏற ஏற சைக்கிள் சக்கரம் காணாமல் போய்விட்டது. விஷயம் இல்லாமல் போனதால் பாட்டு வெளிறவில்லை. விஷயம் மலைபோல இருந்தும் வெளிறியது. இதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

2017-ல் வந்த 'சாங்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' பற்றி அதிகம் சொல்ல இல்லை. 'லவ் இஸ் பிக்கர் தேன் எனிதிங் இன் இட்ஸ் வே' என்று ஒரு பாட்டின் தலைப்பு. வாழ்த்து அட்டைக் கம்பெனிக்காரர்கள் கவனிக்கவும்.

குழுவுக்கே இது தெரியும் என்பது என் கட்சி. சாட்சி, அவர்கள் மேடையில் பாடிய வரிசை. 2009-ல் '360 டிகிரி' சுற்றுப்பயணத்தை பார்சிலோனாவில் தொடங்கியபோது, அப்போது புதுசாக வந்திருந்த 'நோ லைன் ஆன் த ஹொரைசன்' ஆல்பத்திலிருந்து வரிசையாக நாலு பாட்டோடு ஆரம்பித்தார்கள். நல்ல துணிச்சல். 2011-ல் அதே பயணம் முடிகிற சமயத்தில் முதல் நாலு பாட்டும் 'அக்டங் பேபி'யிலிருந்து, அதாவது இருபது வருஷப் பழசு. 110 கச்சேரி, 70 லட்சம் பேருக்கு மேல் கூட்டம், 73.6 கோடி டாலர் வசூல். எட் ஷீரன் 2019-ல் முறியடிக்கும்வரை அதுதான் உலக சாதனை. கூட்டம் வந்தது, புதுப் பாட்டுக்கு வரவில்லை. 2017-லும் 2019-லும் யோஷுவா ட்ரீயை முழுசாகப் பாடி ஊர் சுற்றினார்கள். 2023-ல் லாஸ் வேகஸில் 'ஸ்ஃபியர்' என்கிற பிரம்மாண்ட உருண்டைக் கட்டடத்தைத் திறந்துவைத்து நாற்பது கச்சேரி. அங்கே அக்டங் பேபி. டிரம்ஸில் லாரி மல்லன்கூட இல்லை. உடம்பு சரியில்லாததால் வேறொருவர் வாசித்தார். நோட்டீஸ் ஒட்டிய பையன் இல்லாத யூ டூ!

அதே 2023-ல் 'சாங்ஸ் ஆஃப் சரண்டர்' என்று தங்கள் பழைய பாட்டுகள் நாற்பதை வேகம் குறைத்து, சுருதி இறக்கி, சில இடங்களில் வார்த்தையையும் மாற்றி மறுபடி பதிவு செய்தார்கள். ஒன்றிரண்டு சுவாரஸ்யம். நாற்பதையும் ஒரே மூச்சில் கேட்கிறவர்களுக்கு ஏதாவது விருது கொடுக்கலாம். மரத்தை வெட்டியவர்கள் இப்போது அதைச் சுற்றி வேலி போட்டுப் பலகை மாட்டிவைத்திருக்கிறார்கள்.

நடுவில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 2019 நவம்பரில் ஏ.ஆர்.ரஹ்மானுடன் சேர்ந்து 'அஹிம்சா' என்று ஒரு பாட்டு வெளியிட்டார்கள். திருக்குறள் அதில் வருகிறது, ரஹ்மானின் மகள்கள் பாடியிருக்கிறார்கள். டிசம்பர் 15 அன்று நவி மும்பை டி.ஒய்.பாட்டீல் மைதானத்தில், இந்தியாவில் நடந்த அவர்களது முதல் கச்சேரியில், ரஹ்மானும் மேடையேறினார். யூ டூ பாட்டில் வள்ளுவர்! இருபது வருஷம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். 'அஹிம்சா'வை நாலு தடவை கேட்டேன். குறள் வருகிற இடம் அழகு. அது முடிந்து போனோ பாட ஆரம்பித்ததும், எப்போது மறுபடி குறள் வரும் என்று காத்திருந்தேன். என் உற்சாகம் போய்விட்டது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம்.

முழுக்கவும் கைகழுவிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். 2009 ஆல்பத்தில் 'மொமென்ட் ஆஃப் சரண்டர்' என்று ஏழு நிமிஷப் பாட்டு ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் ஒரே மூச்சில் வாசித்துப் பதிவானது. குரல் அங்கங்கே கிழிகிறது, யாரும் ஒட்டுப்போடவில்லை. அந்தப் பாட்டை வானொலியில் போடமாட்டார்கள் என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள். அந்த ஆல்பத்தின் முதல் சிங்கிளாக வெளியிட என்னத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? 'கெட் ஆன் யுவர் பூட்ஸ்'. இளைஞர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்து. இளைஞர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்தக் குழுவைக் கேட்டதே இல்லை, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கிற சின்னப்பசங்களுக்கு: 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி மைதானம், எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்கான 'லைவ் எய்ட்' கச்சேரி. வீடியோ சுலபமாகக் கிடைக்கிறது. மூன்று பாட்டுப் பாடுவதாகத் திட்டம். இரண்டாவது பாட்டு 'பேட்' நடுவில் போனோ மேடையிலிருந்து கீழே குதித்து, கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணை வெளியே வரவைத்து, அவளைக் கட்டிக்கொண்டு மெல்ல ஆடுகிறார். மேடையில் இருக்கும் மற்ற மூவருக்கும் ஆள் எங்கே போனார் என்றே தெரியவில்லை. நிறுத்தவும் முடியாமல் அதே சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டு 12 நிமிஷம் நீண்டுவிட்டது. மூன்றாவது பாட்டுக்கு, அவர்களுடைய அப்போதைய பெரிய ஹிட் 'ப்ரைட்'டுக்கு, நேரமே இல்லை. மேடையிலிருந்து இறங்கியதும் கிடைத்த வாய்ப்பைக் கெடுத்துவிட்டாய் என்று போனோமேல் மூவருக்கும் பயங்கரக் கோபம்.